பள்ளத்தாக்கில் ஒரு நாள்

பள்ளிக்கூடத்தை விட்ட பின்னர் நான் முதன்முதலாகச் சப்பாத்து அணிந்தது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில்தான். அப்போது எனக்கு வயது 52. "கல்லுக்குள்ளாலை நடக்க வேணும் அம்மா, உந்தச் செருப்போடை ஏலாது" என்று சொல்லி மகள் வாங்கி வந்து, என்னைக் கதிரையில் இருத்தித் தானே காலில் மாட்டிவிட்டாள். சின்ன வயதில் அவளுக்கு நான் சப்பாத்து மாட்டிவிட்டது நினைவுக்கு வந்தது.

என் மகள் ஓமான் நாட்டின் தலைநகரான மஸ்கட்டில், ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறாள். ஒரு மாதம் தன்னோடு வந்து நிற்கும்படி கேட்டு என்னை அழைத்திருந்தாள். கடவுச்சீட்டு எடுக்கப் போனதைத் தவிர முல்லைத்தீவை விட்டு நான் அதிகம் வெளியே போனவள் அல்ல. அங்கே போயும் சமைப்பதும் அவளின் உடுப்புகளைத் தைத்துக் கொடுப்பதுமாகவே நாட்கள் போயின. அதைப் பார்த்த மகள், ஒரு வெள்ளிக்கிழமை என்னை வெளியே கூட்டிப் போவதென்று தன் தோழிகள் இருவருடன் சேர்ந்து ஒழுங்கு செய்துவிட்டாள். ஒரு பிள்ளை கேரளம், மற்றவள் பிலிப்பைன்ஸ். இருவரும் தாதிமார்தான்.

வாகனமும் வழிகாட்டியும் சேர்த்துக் கொடுத்த காசை நான் மனதுக்குள் ரூபாவாக மாற்றிப் பார்த்தேன். எங்கள் வளவின் ஒரு பக்க வேலியைத் தகரத்தால் அடைத்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்தே மகள் கண்டுபிடித்துவிட்டாள். "இண்டைக்கு ஒரு நாள் கணக்குப் பாக்காதேங்கோ அம்மா" என்றாள்.

ஆனால் என் முகம் மாறியதற்குக் காசு மட்டும் காரணம் அல்ல. மலை இடுக்குகளுக்குள் போய்விட்டுக் கடற்கரைக்கும் போவோம் என்று அவள் சொல்லியிருந்தாள். 2009 இற்குப் பிறகு நான் கடற்கரைக்குப் போனதில்லை. எங்கள் வீட்டிலிருந்து கடல் இரண்டு கிலோமீற்றர்தான். காற்றுத் திரும்பினால் இரைச்சல் கேட்கும். நான் யன்னலைச் சாத்திவிடுவேன். இது மகளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

விடியற்காலை ஆறு மணிக்கு வாகனம் வந்தது. வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்க ஓமானியர். வெள்ளை நீள் அங்கியும் பூவேலை செய்த தொப்பியும் அணிந்திருந்தார். என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து "உம்மி" என்றார். 'என் அம்மா' என்று அர்த்தமாம். என்னிலும் வயதில் மூத்தவர் என்னை அம்மா என்றது சிரிப்பாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. முன் ஆசனத்தை எனக்கே தந்தார். அவர் சொல்வதை மகள் பின்னாலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

குரியாத் என்ற கரையோர ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் தார் வீதியை விட்டு வலப்புறம் இறங்கினோம். அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் வாதி அர்பஈன். வாதி என்றால் மழை பெய்தால் ஆறாக ஓடி, மற்றக் காலத்தில் வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. அர்பஈன் என்றால் நாற்பது. இரண்டு பக்கமும் மரம் செடி இல்லாத மண்ணிற மலைகள் சுவர்போல நின்றன. நடுவில் உருண்டைக் கற்கள். வீதி என்று ஒன்றும் இல்லை. முன்பு போன வாகனங்களின் தடம்தான் வீதி. வாகனம் குலுங்கிய குலுக்கலில் கேரளத்துப் பிள்ளை கடவுளை எல்லாம் கூப்பிட்டாள்.

ஓர் இடத்தில் வழிகாட்டி வாகனத்தை நிறுத்தி மலைச்சுவரைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேலே உயரத்தில் காய்ந்த ஓலைகளும் தடிகளும் பாறை இடுக்கில் செருகிக் கிடந்தன. வெள்ளம் கொண்டுவந்து விட்டவை. "வாதிக்குள்ளை ஒருநாளும் கூடாரம் அடிச்சுப் படுக்கக் கூடாது. இஞ்சை வெய்யில் எறிக்கும். தூரத்து மலையிலை மழை பெய்யும். இஞ்சை ஒரு துளியும் விழாமலே வெள்ளம் வந்து நிக்கும்" என்று அவர் சொன்னதை மகள் சொன்னாள். 2007 ஆம் ஆண்டு யூன் மாதம் கோனு என்ற சூறாவளி இந்தக் கரையைத் தாக்கியபோது ஓமானில் ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்தார்களாம். இவருடைய பேரீச்சந் தோட்டம் அடியோடு போய்விட்டது. "பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். "வேறு கன்று வைத்தேன். இப்போது காய்க்கிறது" என்றார்.

இன்னும் உள்ளே போக, மலைகளுக்கு நடுவே ஒரு சிறு கிராமம் பச்சையாகத் தெரிந்தது. பேரீச்சை மரங்களின் கீழே ஒரு முழ அகல வாய்க்காலில் தெளிந்த நீர் ஓடியது. இதைப் பலஜ் என்கிறார்கள். இப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை ஓமானில் இன்றும் பாவனையில் உள்ளன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006 இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. தோட்டங்களுக்குத் தண்ணீரை நேரம் வைத்துப் பங்கிடுவார்கள். பழைய காலத்தில் பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்து நேரத்தைக் கணித்தார்கள். ஆனால் வாய்க்காலின் தலைப்பில் உள்ள தண்ணீர் குடிப்பதற்கு. அதற்குப் பங்கு இல்லை, முறை இல்லை. வழிப்போக்கரும் அள்ளிக் குடிக்கலாம்.

நான் குனிந்து இரண்டு கையாலும் அள்ளினேன். தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும் சகோதரிகளே. எனக்கு உடனே குடிக்க முடியவில்லை. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மரநிழலில் வழிகாட்டி பாய் விரித்து, ஏலக்காய் போட்ட கோப்பியும் பேரீச்சம்பழமும் தந்தார். பிடியில்லாத சின்னக் கோப்பை. குடித்து முடித்தால் மீண்டும் ஊற்றுவார்கள். போதும் என்றால் கோப்பையை மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும். தெரியாமல் நான் நான்கு கோப்பை குடித்துவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மீண்டும் கரையோர வீதிக்கு வந்து பிம்மா என்ற இடத்தில் இறங்கினோம். தரையில் ஒரு பெரிய வட்டக் குழி, அதன் அடியில் பச்சை நிறத் தண்ணீர். வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்த குழி என்று ஊரார் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் கரைந்து மேற்பகுதி இடிந்து விழுந்ததால் உண்டானது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கடல் சில நூறு மீற்றர் தூரத்தில். உள்ளே நன்னீரும் உப்புநீரும் கலந்திருக்கின்றன. படிகளில் இறங்கிக் காலை வைத்ததும் சின்ன மீன்கள் வந்து கடித்தன. இது கடல் அல்ல என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் வாதி ஷாப். பெரிய பாலத்தின் கீழே சிறு படகில் ஏறி மறுகரைக்குப் போய், அங்கிருந்து முக்கால் மணி நேரம் பாறை விளிம்பால் நடக்க வேண்டும். அப்போதுதான் சப்பாத்தின் அருமை தெரிந்தது. கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக நீல நிறத் தடாகங்கள். அவற்றை நீந்திக் கடந்தால் பாறையில் ஒரு வெடிப்பு. தலை மட்டும் போகக்கூடிய அகலம். அதற்குள்ளால் நீந்திப் போனால் ஒரு குகையும் உள்ளே ஒரு நீர்வீழ்ச்சியும் உண்டாம்.

"நாங்கள் போட்டு வாறம் அம்மா" என்றாள் மகள். அவள் மஸ்கட்டில் நீந்தப் பழகியது அன்றுதான் எனக்குத் தெரியும். வழிகாட்டியும் அவர்களுடன் தண்ணீரில் இறங்கினார். மகள் தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "இதை வச்சிருங்கோ, வந்து வாங்கிறன்."

நான் வாங்கினேன். என் கை நடுங்கியதை அவள் கவனிக்கவில்லை.

2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு விடியற்காலை, முள்ளிவாய்க்காலில், தண்ணீர் எடுக்கப் போன என் கணவர் இதே மாதிரி மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுத்தான் போனார். கிணற்றில் நனைந்துவிடும் என்றார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் நந்திக்கடல், நடுவில் மணலில் ஒரு தறப்பாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை. பதிய வேண்டிய இடங்களில் எல்லாம் பதிந்துவிட்டேன். இன்று வரை ஒரு பதிலும் இல்லை.

நான்கு சோடிச் சப்பாத்து, மூன்று பைகள், ஒரு மணிக்கூடு. இவற்றோடு நான் அந்தப் பாறையில் இருந்தேன். மணிக்கூட்டில் இருபத்தைந்து நிமிடங்கள் போயின. எத்தனையோ பேர் போய்ச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். என் பிள்ளையின் தலை மட்டும் தெரியவில்லை. வெடிப்பு வாசலில் அவள் முகம் வெளியே வந்தபோது எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல, கோபம். ஈரத்தோடு ஓடி வந்தவளைப் பார்த்து, "உனக்கு அறிவில்லையோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன். அவள் மணிக்கூட்டுக்குக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. திரும்பி நடக்கும்போது இருவரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

பின்னேரம் ஃபின்ஸ் கடற்கரைக்குத் திரும்பினோம். கடற்கரைக்கு இறங்கும் வழியில் வாகனத்தின் பின் சில்லுகள் மணலில் புதைந்தன. எனக்கு நெஞ்சு அடைத்தது. உழவு இயந்திரங்கள் இப்படித்தான் அந்தக் காலம் மணலில் புதைந்து நின்றன. ஆனால் வழிகாட்டி பதறவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, ஒவ்வொரு ரயரிலும் இருந்து காற்றைத் திறந்துவிட்டார். 35 இல் இருந்த அளவு 18 வரை இறங்கியது. ரயர் தட்டையாகி மணலில் அகலமாக இருந்தால் வாகனத்தின் பாரம் பரவிவிடும், பிறகு புதையாது என்றார். "மிதிக்க மிதிக்கத்தான் கீழே போகும்" என்றும் சொன்னார். சில்லடியில் கொஞ்ச மணலைக் கையால் விலக்கிவிட்டு, மெதுவாக எடுத்தார். வாகனம் வெளியே வந்துவிட்டது.

வெள்ளைக் கூழாங்கற்களும் மணலுமான கரை. கடல் அமைதியாகக் கிடந்தது. மற்ற இரு பிள்ளைகளும் படம் எடுக்கப் போய்விட்டார்கள். நான் வாகனத்தின் மறைவில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். நெடுநேரம் கழித்துக் கேட்டாள்.

"அம்மா, நான் தண்ணி தண்ணி எண்டு அழுததாலைதானே அப்பா போனவர்?"

எனக்கு விளங்கவில்லை. "ஆர் பிள்ளை உனக்கு அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

அப்போது அவளுக்குப் பத்து வயது. பதினாறு வருடமாக இதை வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை படித்தது, சோதினை எழுதியது, விமானம் ஏறியது? கடல் என்றாலே யன்னலைச் சாத்தும் தாயிடம் இதை எப்படிக் கேட்பாள்? நான் ஒரு நாளும் அந்தக் கதையை எடுத்ததில்லை. பிள்ளையின் மனம் நோகும் என்று பேசாமல் இருந்தேன். என் மனம் நோகும் என்று அவள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"இல்லைக் குஞ்சு. நீ அழேக்கை போத்திலிலை பாதித் தண்ணி இருந்தது. உனக்குப் பருக்கினனான். அப்பா பிறகு போறன் எண்டுதான் சொன்னவர். வெயிலுக்கு முன்னம் போனால் வரிசை குறைவாயிருக்கும், போங்கோ எண்டு கானைக் கையிலை குடுத்து அனுப்பினது நான்தான்."

இதை நான் அதுவரை எந்த மனிதரிடமும் சொன்னதில்லை. சொன்ன பின் அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"தாகத்துக்குத் தண்ணி கேட்டது உன்ரை பிழையில்லைப் பிள்ளை" என்றேன்.

"தண்ணிக்கு அனுப்பினது உங்கடை பிழையும் இல்லை அம்மா" என்றாள்.

இருவரும் அழுதோம். வழிகாட்டி தூரத்தில் எங்களைப் பார்த்துவிட்டு, ரயர்களைச் சோதிப்பதுபோல மறுபக்கம் போய்விட்டார். பின்னர் மணிக்கூட்டை அவள் கையில் நானே கட்டிவிட்டேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும்வரை இறங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் பயணத்தால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் படுக்கும் முன் இரண்டு போத்தலில் தண்ணீர் நிறைத்து வைத்தால்தான் எனக்கு நித்திரை வரும். அவரைத் தேடுவதையும் விடவில்லை. ஆனால் யன்னலைச் சாத்துவது குறைந்திருக்கிறது. மகள் தொலைபேசியில் அப்பாவைப் பற்றிக் கேட்கிறாள். அவர் எப்படிச் சிரிப்பார், என்ன கறி விருப்பம் என்று. நான் சொல்கிறேன்.

உங்கள் பிள்ளைகளும் இப்படி ஏதாவது ஒன்றைத் தம்முடைய பிழை என்று நினைத்துக்கொண்டு இருக்கக்கூடும் சகோதரிகளே. அவர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு நல்ல நேரம் பார்த்து நாங்கள்தான் கதையை எடுக்க வேண்டும். அதற்கு ஓமான் வரை போகத் தேவையில்லை.

போன கிழமை எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் இருவரைக் கேட்டேன். ஒரு பின்னேரம் பிளாஸ்கில் பிளேன்ரீயும் எடுத்துக்கொண்டு மூவரும் எங்கள் கடற்கரைக்கு நடந்து போனோம். நானும் ஒருத்தியும் காலை நனைத்தோம். மற்றவள் தன்னால் ஏலாது என்று மேலே மணலில் இருந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்து அவளிடம்தான் முதலில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தோம்.