ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

இரு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிலோமீட்டரில் பதில் சொல்கிறோம். விமானப் பயணத்தில் அந்த எண் பாதித் தகவல்தான். எந்த நாட்டு வானத்தில் பறக்க யாருக்கு அனுமதி என்பதும் சேர்ந்துதான் தூரத்தை முடிவு செய்கிறது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான வழியே இதற்குச் சான்று. உருண்டைப் பூமியின்மேல் இவ்விரண்டையும் இணைக்கும் மிகக் குறுகிய பாதை ஏறத்தாழ 7,800 கி.மீ.; அதில் பெரும்பகுதி ரஷ்யாவின்மேல் செல்கிறது. 2022 தொடக்கம் வரை பின்லாந்தின் விமான நிறுவனமான பின்ஏரின் விமானங்கள் சைபீரியாவைக் கடந்து ஒன்பதரை மணி நேரம் போல எடுத்துக்கொண்டன. அந்த ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. அதன்பிறகு இரண்டே வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி, துருக்கி, ஜார்ஜியா, கஜகஸ்தான், சீனா வழியாகச் சுற்றுவது. மற்றது, வட துருவம், அலாஸ்கா, பசிபிக் என்று வடக்கே சுற்றுவது. எதில் போனாலும் ஏறத்தாழ 13 மணி நேரம்.

தொழில்நுட்பம் தூரத்தைச் சுருக்கிவிட்டது என்பார்கள். ஆனால் இந்த வழியில் அப்படி நடக்கவில்லை. பின்ஏர் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது 1983இல். அன்றும் சோவியத் வானம் திறக்கவில்லை. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டி.சி.10 விமானம் துருவத்தையும் பெரிங் நீரிணையையும் கடந்து போக எடுத்துக்கொண்டதும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் எஞ்சின்கள் மாறின, இறக்கைகள் மாறின, அலுமினிய உடலின் இடத்தில் கார்பன் இழை வந்தது. அவற்றால் எரிபொருள் மிச்சமானது உண்மை. ஆனால் பயணிக்கு மிச்சமான மூன்றரை மணி நேரம் சைபீரிய வானம் பின்னர் திறந்ததால் கிடைத்தது. அது மூடியதும் போய்விட்டது.

காற்றும் பயண நேரத்தை மாற்றுகிறதே, அரசியலை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும், மேற்கே திரும்புவதைத் தாமதப்படுத்தும். டோக்கியோவிலிருந்து திரும்பும்போது பின்ஏர் வடக்கு வழியை நாடியதற்கும் அதுவே காரணம். ஆனால் காற்று, விமானம் எந்த நாட்டுடையது என்று பார்ப்பதில்லை. அனுமதி அதைத்தான் பார்க்கிறது. ஐரோப்பாவுக்கு வரும் சீன விமானங்கள் இன்றும் ரஷ்யாவின்மேல் பறக்கின்றன. அதே ஊர்களுக்கு இடையே ஐரோப்பிய விமானங்கள் சுற்றிப் போகின்றன. ஒரே இரு நகரங்களுக்கு இடையே, யார் பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, இரண்டு தூரங்கள்.

விமானத்தில் போக வசதியுள்ளவருக்கு மூன்றரை மணி நேரம் ஒரு கஷ்டமா என்பது கடைசி மறுப்பு. அந்த நேரம் முழுவதும் எரிபொருள் எரிகிறது, புகை வானில் சேர்கிறது, எரிபொருளின் எடைக்காகச் சரக்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது, விமானப் பணியாளரின் வேலை நேரமும் நீள்கிறது. வடகிழக்கு ஆசியாவுக்குப் போகும் குறுக்குவழியில் தன் தலைநகர் இருக்கிறது என்பதை நம்பித்தான் மக்கள்தொகையில் சிறிய நாடான பின்லாந்து தன் விமானத் தொழிலை வளர்த்தது. ஒரே விமானம் ஆசியாவுக்குப் போய் 24 மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் என்பதே அந்த ஏற்பாட்டின் அச்சாணி. போக 13, வர 13 என்றானபோது, தரையில் நிற்கும் நேரத்தைச் சேர்க்காமலே அந்தக் கணக்கு உடைந்துபோனது.