மிதித்துப் போகிற பாலத்தில் ஒரு ஓவியக் கூடம்

ஊரிலிருந்து பெற்றோர் லண்டன் வந்தால் எங்கே கூட்டிப் போவது என்று நம் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பிக் பென், டவர் பிரிட்ஜ், லண்டன் ஐ, கடைசியில் ஈஸ்ட்ஹாமில் ஒரு மசாலா தோசை. போன மே மாதம் பள்ளி அரைப்பருவ விடுமுறையில் அப்பாவுக்கு அந்தப் பட்டியலை மூன்றே நாளில் முடித்துவிட்டேன். எல்லா இடத்திலும் அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நல்லாருக்கு." என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது.

அம்மா தங்கையின் பிரசவத்துக்காக ஊரில் தங்கிவிட்டதால் அப்பா தனியாகத்தான் வந்திருந்தார். நாலாவது நாள் என்ன செய்வது என்று யோசித்தபோது, ஏழு வயது மகள்தான் வழி சொன்னாள். அவளுடைய டீச்சர் வகுப்பில் சொன்னாராம், மில்லேனியம் பாலத்தில் சூயிங்கம் மேல் குட்டிக் குட்டியாகப் படம் வரைந்திருக்கிறது என்று. "தாத்தாவுக்குக் காட்டலாம்பா, ப்ளீஸ்!"

ஹாரோவிலிருந்து ரயில் பிடித்து செயின்ட் பால்ஸ் ஸ்டேஷனில் இறங்கினோம். தேவாலயத்தைச் சுற்றித் தெற்கே இறங்கினால் நேராகப் பாலம்தான். தேம்ஸ் நதிக்கு மேலே 325 மீட்டர் நீளம், நடக்கிறவர்களுக்கு மட்டும். அந்தப் பக்கம் டேட் மாடர்ன் கலைக்கூடம்.

எனக்கு இந்தப் பாலம் பிடிப்பதற்கு வேறு காரணம். 2000 ஜூன் 10-ஆம் தேதி திறந்து, இரண்டே நாளில் மூடிய பாலம் இது. கூட்டம் நடக்க நடக்கப் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்துவிட்டது. பாலம் லேசாக ஆடினால் நாம் விழாமல் இருக்க அதற்கேற்ப அடி வைக்கிறோம். எல்லோரும் அப்படி வைக்கும்போது அடிகள் ஒன்றாகச் சேர்ந்து ஆட்டத்தை இன்னும் கூட்டிவிடுகின்றன. அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவனுக்கு இது ரொம்பப் பழகிய கதை: டெஸ்டிங்கில் சிக்காத பக், ரிலீஸ் அன்றைக்குத்தான் தலை காட்டும். இதையெல்லாம் அப்பாவிடம் ஆர்வமாக விளக்கிக்கொண்டே வந்தேன். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. மகள் ஏற்கெனவே தரையில் முட்டி போட்டிருந்தாள்.

"தாத்தா, இங்க பாருங்க! லுக்!"

பாலத்தின் தரை அலுமினியம். வரிவரியாகப் பள்ளமும் மேடுமாக இருக்கும். யாரோ துப்பிய சூயிங்கம் காலில் மிதிபட்டு அந்த வரிகளுக்குள் அப்பிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய ஒரு பிசின் மேல், பத்து பென்ஸ் நாணயம் அளவுக்கு ஒரு படம். நீல வானம், சிவப்புக் கூரை, அதன் கீழ் குச்சி மாதிரி இரண்டு மனிதர்கள். ஓரத்தில் ஏதோ பெயர்கள்.

வரைந்தவர் பென் வில்சன். வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. 'சூயிங்கம் மேன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் மரச்சிற்பி, பெரிய பெரிய மர வேலைகள் செய்தவர். 2004-இலிருந்து முழுநேரமாக நடைபாதைச் சூயிங்கம்களில் வரைகிறார். ஆயிரக்கணக்கில் வரைந்துவிட்டார். தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் வேலை. நாங்கள் போன அன்று அவர் அங்கே இல்லை. படங்கள் மட்டும் இருந்தன.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா முகம் சுளித்தார். "எச்சிலா? யாரோ மென்னு துப்பினது மேலயா வரையிறான்? கருமம். பாப்பா, கைய எடு, தொடாத."

மகளுக்கு 'எச்சில்' என்றால் என்னவென்று தெரியும். ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடிக்காதே என்று அவளிடம் தினம் சொல்லுகிற வீடுதான் எங்கள் வீடு. ஆனால் பெயின்ட் காய்ந்த ஒரு படம் எப்படி எச்சில் ஆகும் என்பது அவளுக்குப் புரியவில்லை. "பட் தாத்தா, இது பெயின்டிங்!" என்றாள்.

இங்கே அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் முப்பது வருடம் போர்டு எழுதியவர். மளிகைக் கடை, டாக்டர் கிளினிக், கட்சிச் சுவர், லாரியின் பின்பக்கம், எல்லாம் எழுதியிருக்கிறார். சாக்பீஸ் பூசிய நூலைச் சுண்டிக் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் எழுத்து வந்து உட்காரும். சின்ன வயதில் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஏணிக்குக் கீழே நின்றிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடப் பெயர்ப்பலகையின் மூலையில் அவர் கையெழுத்து சிறியதாக இருக்கும். அதைப் பையன்களிடம் காட்டிப் பெருமை அடித்ததும் உண்டு.

2000-க்குப் பிறகு ஃபிளக்ஸ் வந்தது. காலையில் சொன்னால் சாயங்காலம் பேனர் கையில். இரண்டு வருடத்தில் அப்பாவிடம் வேலை சொல்ல ஆள் இல்லை. பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி, பேப்பரில் சுற்றிப் பரண் மேல் போட்டார். பிறகு ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். அந்தச் சம்பளத்திலும் அம்மாவின் நகையிலும்தான் நான் படித்து, மாஸ்டர்ஸ் செய்ய இங்கே வந்தேன். பரண் மேல் போன பிரஷைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் பேசவில்லை.

பாலத்தில் நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். மகள் அடுத்த படத்தைத் தேடி ஓடினாள், பிறகு அதற்கடுத்தது. ஒரு பூனை. தேய்ந்து பாதி மட்டும் மிஞ்சிய ஒரு கட்டடம். ஏழாவதோ எட்டாவதோ படத்தருகே திரும்பிப் பார்த்தால், அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் தரையருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ வெள்ள அடிச்சிருக்கான்டா," என்றார்.

படித்ததைச் சொன்னேன். முதலில் சிறிய பிளோ டார்ச்சால் பிசினைச் சூடாக்கி இளக்குவார். அதன் மேல் எனாமல் பூச்சு. அது காய்ந்த பிறகு மெல்லிய பிரஷால் படம். கடைசியில் மழைக்கும் மிதிக்கும் தாங்குகிற மாதிரி மேலே லாக்கர்.

"அதான் பார்த்தேன். தகரத்துல எழுதுறப்பவும் அப்படித்தான். அடி கோட்டிங் சரியில்லேன்னா மேல நீ என்ன எழுதினாலும் உரிஞ்சுடும்." கொஞ்ச நேரம் கழித்து, "நிறைய பேர் மிதிக்கிறாங்களே, அவனுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?" என்று கேட்டார்.

"மிதிக்கிற இடம்னு தெரிஞ்சுதான்பா வரையிறார்."

"யாரு காசு கொடுக்கறா?"

"தரையில ஒட்டினத யாருப்பா வாங்க முடியும்?"

அவர் சிரித்தார். லண்டன் வந்து முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

போலீஸ் இவரைப் பிடித்துப் போனதும் உண்டு என்று சொன்னேன். ஆனால் அவர் வரைவது பாலத்தின் மேலோ நடைபாதையின் மேலோ இல்லை, பிறர் போட்ட குப்பையின் மேல். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தினார் என்று எப்படிச் சொல்வது? இந்த நாட்டில் சூயிங்கம் கறையைச் சுத்தம் செய்யவே ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் பவுண்ட் செலவாகிறது என்று ஒரு மதிப்பீடு உண்டு. சூயிங்கம்மின் அடிப்பொருள் ரப்பர் மாதிரியான பாலிமர். அதனால்தான் லேசில் விடாது. துப்பியவனுக்கு அது குப்பை, நகராட்சிக்குச் செலவு. இவருக்கு யாரும் பங்கு கேட்டு வராத இரண்டு சென்டிமீட்டர் இடம்.

அப்பா எழுந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நதியைப் பார்த்தார். பிறகு, சம்பந்தமே இல்லாமல் சொன்னார்:

"உன் கல்யாணத்துக்கு மண்டப வாசல்ல ஒரு ஃபிளக்ஸ் வச்சீங்களே. அதுல எழுத்துப் பிழை. 'வரவேற்ப்பு'ன்னு போட்டிருந்தான். 'ற்'-க்கு அப்புறம் 'ப்' வராது."

2014-இல் நடந்த கல்யாணம். அந்த ஃபிளக்ஸை ஆர்டர் செய்தது நான்தான். இங்கிருந்தே வாட்ஸ்அப்பில் டிசைன் அனுப்பி, "ஓகே" என்று பதில் போட்டவனும் நான்தான். வீட்டில் ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஐந்நூறு பேர் அந்தப் பிழைக்குக் கீழே நுழைந்து போனார்கள். அப்பா வாசலில் நின்று எல்லோருக்கும் கை கூப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா."

"கல்யாண வீட்டுல எதுக்குடா. எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க."

என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சாரி என்று சொன்னால் அவர் கூச்சப்படுவார். "நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்," என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, "பாப்பா எங்க?" என்று தேட ஆரம்பித்தார்.

அன்று நாங்கள் இருபத்து மூன்று படங்களைக் கண்டுபிடித்தோம். கணக்கு வைத்தது மகள். கடைசி மூன்றை அப்பாதான் கண்டுபிடித்தார்.

குழந்தைகளோடு போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்தால் தரை தெரியாது, குனிந்து நின்றால் இடிப்பார்கள். மழை பெய்து முடிந்தால் அலுமினியம் வழுக்கும். பார்வை நேராக அல்லாமல் தரை வரிகளுக்கு இடையே போக வேண்டும். முதல் படம் கிடைக்கும்வரைதான் சிரமம், பிறகு கண் பழகிவிடும். படங்கள் தேயும், போகும், புதிதாகவும் வரும். போன தடவை பார்த்தது இந்தத் தடவை இருக்கும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முடித்துவிட்டு டேட் மாடர்னுக்குள் போகலாம். நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை, டாய்லெட் வசதியும் உண்டு. தாத்தா பாட்டி கூட வந்தால் அவர்களை முதலில் அவசரப்படுத்தாதீர்கள். நான் பாலத்தின் பொறியியலை விளக்கி வீணடித்த பத்து நிமிடத்தில் அவர் இன்னும் இரண்டு படம் பார்த்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் சூயிங்கம் கேட்டு அடம்பிடித்தாள். அம்மா தர மறுத்துவிட்டாள். கடைசியில் ஒரு சோடா பாட்டில் மூடியில் சமாதானம் ஆனது. மறுநாள் அப்பாவும் அவளும் கடைக்குப் போய் எனாமல் டப்பா இரண்டும், மெல்லிய பிரஷ் ஒன்றும் வாங்கி வந்தார்கள். மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, ஒரு நாள் முழுக்கக் காய வைத்தார்கள். மகளுக்குப் பொறுமையே இல்லை. "அடி காயாம எழுதக் கூடாது பாப்பா," என்று ஐந்தாறு தடவையாவது சொல்லியிருப்பார்.

'வரவேற்பு' என்று எழுத வேண்டும் என்பது மகளின் திட்டம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவள் இப்போதுதான் 'ற' வரிசை எழுதுகிறாள். தாத்தா தாளில் எழுதிக் காட்டினார். 'ற்'-க்குப் பக்கத்தில் விரலை வைத்து, "இங்க 'ப்' போடக் கூடாது. உங்கப்பாவுக்குத் தெரியாது, உனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்," என்றார். அடுப்படியிலிருந்து என் மனைவி சிரித்த சத்தம் கேட்டது.

மூடியில் ஐந்து எழுத்துக்கு இடம் போதவில்லை. அதனால் 'வா' என்று மட்டும் எழுதினார்கள். 'வ' தாத்தா எழுதியது. துணைக்கால் அவள் போட்டது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அப்பா ஆகஸ்டில் ஊர் திரும்பிவிட்டார். வீடியோ காலில் அவர் முதலில் கேட்பது அதைத்தான்: "மழைக்கு உரியலையே?"

இதுவரை உரியவில்லை.