டிஸ்க் மேல் போட்ட பழி

அந்த ஆடிட்டர் அலுவலக சர்வரில் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. கோப்பை அழித்தவன் நான். அங்கே இன்றுவரை யாருக்கும் இது தெரியாது.

ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் கேவிஎம்மை லினக்ஸில் போடுவது பெரிய வித்தை இல்லை. 2007-ல் வந்த 2.6.20 கெர்னலிலிருந்தே அது லினக்ஸோடு சேர்ந்து வருகிறது. பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்து, க்யூஇஎம்யு, லிப்விர்ட் இரண்டையும் நிறுவினால், மதியச் சாப்பாட்டுக்குள் முதல் மெஷின் ஓடும். அந்தச் சுலபம் தலைக்கேறிவிட்டது.

இருந்த டிஸ்க் 1 டிபி. நான்கு மெஷின்களுக்குத் தலா 500 ஜிபி ஒதுக்கினேன். க்யூகவ்2 கோப்பு அதற்கு இடம் கொடுக்கும். எழுத எழுதத்தான் வளரும். எல்லாரும் ஒரே நாளில் பணம் கேட்கமாட்டார்கள் என்ற சீட்டுக்காரரின் தைரியம்தான் எனக்கும். "பேக்கப் இருக்கா தம்பி?" என்று ஆடிட்டர் கேட்டார். "ஸ்னாப்ஷாட் இருக்கு சார்" என்றேன். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்பதும் தெரியும்.

ஒருநாள் டிஸ்க் நிரம்பியது. கணக்கு மெஷின் 'பாஸ்டு' என்று நின்றது. எழுப்பினால் மறுபடி நின்றது. இமேஜ் ஃபோல்டரில் தேதி பழசான பெரிய கோப்பு ஒன்று கிடந்தது. வேண்டாதது என்று நினைத்து அழித்தேன். அதுதான் அடிக்கோப்பு. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு புதிய மாற்றமெல்லாம் மேல்கோப்புக்குப் போகும். அடிக்கோப்பில் எதுவும் எழுதப்படாததால் தேதி நகராது. ஆனால் மேல்கோப்பு தனியாக எதற்கும் உதவாது.

அழித்த பிறகும் காலி இடம் கூடவில்லை. அங்கேயாவது பொறி தட்டியிருக்க வேண்டும். க்யூஇஎம்யு அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருந்தது. பெயர்தான் போயிருந்தது, உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த ப்ராசஸின் எண்ணைத் தேடிப் போய், வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்திருக்கலாம். இடம் ஏன் கூடவில்லை என்று எரிச்சல்பட்டு சர்வரையே ரீபூட் செய்தேன். ப்ராசஸ் செத்தது, கோப்பும் செத்தது.

"டிஸ்க் போயிடுச்சு சார்" என்றேன். வாய் கூசவில்லை. புது டிஸ்குக்கும் பொருத்திய கூலிக்கும் பில் போட்டேன். கேள்வி கேட்காமல் கொடுத்தார். கணக்கு எழுதும் அக்கா காகித வவுச்சர்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்து, ஆபீஸ் முடிந்த பிறகும் உட்கார்ந்து முதலிலிருந்து ஏற்றினார். "நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி, மெஷின்னா அப்படித்தான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். தலையாட்டினேன். பழைய டிஸ்கை வீட்டில் ஸ்மார்ட் சோதனை போட்டுப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இப்போது அதில் என் சினிமாக்கள் இருக்கின்றன.

புது இடங்களுக்கு வேலைக்குப் போனால் பேக்கப்பைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன். "ஒரு ஆபீஸ்ல டிஸ்க் போயி, பாவம்..." என்றுதான் அந்தப் பேச்சை ஆரம்பிக்கிறேன்.