முக்கால் போர்வை

ஏழு மாசமா ஒரு போர்வை தைச்சிட்டிருக்கேன். தெரிஞ்சவங்க யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "முடிஞ்சுதா?" இல்லைங்க, முக்கால்தான் முடிஞ்சிருக்கு. அந்த முக்காலுக்கே நடுவிரல் நுனி சல்லடை மாதிரி ஆகிடுச்சு. விரலுக்குப் போட்டுக்கிற தகரத் தொப்பி ஒண்ணு வாங்கினேன். அதைப் போட்டா ஊசி எங்க இருக்குன்னே தெரியல, தூக்கிப் போட்டுட்டேன்.

துணி எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்க எம்.கே.பி. நகர் வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. டிவியை அலமாரி மேல ஏத்தினோம், கேஸ் சிலிண்டரைக் கட்டில் மேல ஏத்தினோம். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்க் பெட்டி யாருக்கும் ஞாபகம் வரல. தண்ணி வடிஞ்சு மூணாம் நாள் திறந்தா, அம்மாவோட பதினோரு காட்டன் புடவையும் ஒரே கஷாயத்துல ஊறிக் கிடக்கு. அரக்கு சாயம் மஞ்சள்ல இறங்கி, பச்சை வெள்ளையில இறங்கி, ஒவ்வொரு புடவையிலும் உலக வரைபடம்! 1960களில் நம்ம மெட்ராஸ் செக்ஸ் துணியை அமெரிக்காவில் "சாயம் போறதுக்கு கேரண்டி"ன்னே விளம்பரம் போட்டு வித்தாங்களாம். துவைக்கத் துவைக்க கட்டமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலக்கிறதுதான் அழகுன்னு. அம்மாகிட்ட சொன்னேன். "அப்ப அந்த அமெரிக்காக்காரனையே வந்து வாங்கிக்கச் சொல்லு"ன்னாங்க :-)

நாலு தடவை அலசியும் கறை போகல. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. பரண் மேலயே கிடந்தது. போன வருஷம் யூடியூப்ல க்வில்ட் தைக்கிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிச்சப்போதான் அந்த மூட்டையைக் கீழே இறக்கினேன்.

கணக்கு இதுதான். ஆறரை அங்குலச் சதுரமா 150 துண்டு. சுத்திவர கால் அங்குலம் தையலுக்குப் போக, நிக்கறது ஆறு அங்குலம். வரிசைக்கு பத்து, அப்படிப் பதினஞ்சு வரிசை. அறுபதுக்குத் தொண்ணூறு, ஒத்தைக் கட்டிலுக்கு சரியா வரும். இதை உஷா மெஷின்ல ஒட்டி முடிக்க ரெண்டு மாசம். குளிர் தேசத்துல நடுவுல பஞ்சு வைப்பாங்க. வியாசர்பாடி வெயில்ல பஞ்சு வெச்சுப் போத்தினா ஆள் இட்லி மாதிரி வெந்துடுவாங்க. அதனால நடுவுல அப்பாவோட பழைய வேட்டி ரெண்டு, அடியில் கறை கம்மியா இருந்த ஒரு முழுப் புடவை.

இது ஒண்ணும் வெள்ளைக்காரங்க சொல்லித் தந்த வித்தை இல்லை. பக்கத்து வீட்டு தெலுங்கு அக்கா பார்த்ததும், "அட, பொந்த! எங்க அவ்வா தைப்பாங்களே"ன்னாங்க. வங்காளத்துல பழைய புடவைகளை அடுக்கித் தைக்கிறதுக்கு காந்தான்னு பேரு. நம்ம கந்தையும் அதுவும் ஒரே சொல்தான். அவங்க பேரைச் சொன்னா கண்காட்சியில விக்குது, நாம கந்தைன்னு சொல்லி கரித்துணியாக்கிட்டோம். கர்நாடகாவுல உத்தர கன்னட மாவட்டத்துல சித்தி மக்கள்னு இருக்காங்க, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவங்களோட வம்சம். அவங்க தைக்கிற போர்வை ஓரத்துல ஆரம்பிச்சு, சுத்திச் சுத்தி நடு வரைக்கும் வரும். அப்படித்தான் தைக்கணும்னு எனக்கும் ஆசை. ஆனா முதல் போர்வைக்கே அவ்வளவு தைரியம் வரல.

சரி, அம்மா விஷயத்துக்கு வர்றேன்.

மூணு அடுக்கையும் ஹால்ல விரிச்சுப் போட்டு (கட்டிலை மடிச்சு, பையனைத் துரத்திவிட்டு) இழை ஓட்டி, அப்புறம் வரிசையா கைத்தையல் போட ஆரம்பிச்சேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. ஒரு கண்ணுல ஆபரேஷன் ஆகிடுச்சு, இன்னொண்ணு பாக்கி. நாற்காலியில உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இன்னாத்துக்குடி இது? எவ்ளோ குடுப்பாங்க?"

"யாரும் குடுக்கமாட்டாங்கம்மா. நமக்குத்தான்."

பதில் இல்லை. மறுநாள் காலையில பார்த்தா, நான் ராத்திரி போட்ட மூணு வரிசையில ஒண்ணரை வரிசை பிரிஞ்சிருக்கு. எலியோன்னு நினைச்சேன். எலி நூலை அவ்வளவு நேர்த்தியா சுருட்டி தீப்பெட்டியில போட்டு வெக்காது இல்லையா? கேட்டதுக்கு, "கோணலா இருந்துது. ரிஜெக்ட் பண்ணிடுவான்"ன்னாங்க.

எனக்குப் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "எவன் ரிஜெக்ட் பண்ணுவான்? உன் புடவை, என் கை, நம்ம கட்டில். உனக்கு எல்லாத்துக்கும் எவனாவது ஒரு மேஸ்திரி வேணும்!" சொல்லியிருக்கக் கூடாது. ரெண்டு நாள் அம்மா அந்தப் பக்கமே திரும்பல. காபி குடுத்தா வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அம்மா பதினெட்டு வருஷம் எக்ஸ்போர்ட் சட்டைகளுக்கு வீட்டுலயே காஜா எடுத்து, பட்டன் தைச்சு, ஓரம் மடிச்சுத் தைச்சவங்க. ஏஜெண்ட் ஒருத்தர் சைக்கிள்ல மூட்டை கொண்டுவந்து போடுவார். டஜன் கணக்குல கூலி. ஒரு தடவை ஒரு மூட்டை முழுக்கத் திருப்பிக் கொண்டுவந்து, தையல் சரியில்லை, துணிக்காசைக் கட்டுன்னுட்டார். அம்மா காதுல இருந்த கம்மல் அன்னிக்குப் போனது. அதெல்லாம் எனக்கும் தெரியும். நினைக்காம விட்டது வேற ஒண்ணு. எத்தனை ஆயிரம் சட்டை அந்தக் கையில போயிருக்கும்! என் ஸ்கூல் பாவாடை மட்டும் எப்பவும் ஓரம் பிரிஞ்சு ஊக்கு குத்தியேதான் இருக்கும். நேரம் இருந்தா இன்னொரு டஜன் முடிக்கலாமே, அதுதான் கணக்கு. நமக்காக ஒரு தையல்னா அன்னிக்கு அது நஷ்டம்.

அமெரிக்காவுல அலபாமாவுல கீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். கறுப்பினப் பெண்கள் கிழிஞ்ச வேலைத்துணியில தைச்ச போர்வைகள் 2002ல நியூயார்க்கில் மியூசியம் சுவர்ல ஏறிச்சு. அதுல மிசௌரி பெட்வேங்கிறவங்க 1942ல, செத்துப்போன புருஷனோட வேலை உடுப்புகளை வெட்டித் தைச்சது ஒண்ணு இருக்கு. படத்தை அம்மாகிட்ட போன்ல காமிச்சேன், சமாதானத் தூதா. ரொம்ப நேரம் கண்ணுகிட்ட வெச்சுப் பார்த்துட்டு, "கோணலாத்தான் கீது"ன்னாங்க. அப்புறம் எழுந்து போய் பீரோ அடியிலிருந்து ஒரு மஞ்சப்பை எடுத்துக்கிட்டு வந்தாங்க.

உள்ள ரெண்டு கஜம் காக்கி. தாத்தா பெரம்பூர் பின்னி மில்லுல, அதான் பி அண்டு சி மில்லுல, தறி ஓட்டினவர். 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது அந்த மில் தொழிலாளிகளை வெச்சுத்தான். 1996ல மில்லே மூடிடுச்சு. மில் துணின்னு தாத்தா வாங்கி வெச்சு, தைக்காமலே போய்ச் சேர்ந்துட்டார். பெட்டியில வைக்காததால தண்ணியில தப்பிச்சிருக்கு. "ஓரப்பட்டி இதுல போடு. கிழியாது."

கிழியாதுதான், ஊசியும் போகாது! பதினாறாம் நம்பர் ஊசி ரெண்டு உடைஞ்சுது, பதினெட்டு போட்டதும்தான் இறங்கிச்சு. அந்த மொடமொடப்பை மடிச்சுத் தைக்க என் கையால ஆகல. பட்டியை மெஷின்ல ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுக் குடுத்துட்டேன். பின்பக்கம் மடிச்சுக் கையில தைக்கிறது இப்போ அம்மா வேலை. நடுவுல நான் தைக்கிறேன், ஓரத்துல அம்மா. ஸ்கேல் வெச்சு எண்ணிப் பார்த்தேன். எனக்கு ஒரு அங்குலத்துல அஞ்சு தையல் வருது, ஒத்தைக் கண்ணோட அம்மாவுக்கு ஒன்பது. ஊசி கோர்க்க மட்டும் பேரனைக் கூப்பிடறாங்க. அவன் ஒரு கோர்ப்புக்கு ஒரு ரூபாய் கேக்கறான். டஜனுக்குப் பத்து ரூபாய்னு பேசி முடிச்சிருக்காங்க.

இன்னும் நாலு வரிசையும் ஒண்ணரைப் பக்க ஓரமும் பாக்கி. நூல்கண்டு நேத்து தீர்ந்துபோச்சு. சனிக்கிழமை பாரிஸ் போகணும். சிவப்பு நூல்னா தையல் எடுப்பாத் தெரியும்னு நான் சொல்றேன். தெரியவே கூடாது, காக்கி நூல்தான்னு அம்மா. இன்னிக்குக் காலையில எனக்குத் தெரியாம பேரன்கிட்ட கலர் பார்த்து வாங்கிட்டு வான்னு காக்கியில ஒரு துணுக்கு வெட்டிக் குடுத்திருக்காங்க.