வழிநூல் பன்னிரண்டும் ஒரு தோலட்டையும்

தமிழ்த்துறையில் பணியாற்றும் ஒருவரது நூலடுக்கில் தொல்காப்பியமும் நன்னூலும் இருப்பதில் எவர்க்கும் வியப்பில்லை. அவற்றுக்குக் கீழ்த்தட்டில், 'ஸ்டார் ட்ரெக்' என்று பெருத்த எழுத்தில் அச்சிட்ட, ஓரம் பழுத்த ஆங்கில மலிவுப் பதிப்புகள் வரிசையாக நிற்பதைக் காணும் நண்பர்கள்தாம் சற்றுத் தயங்குகின்றனர். சிலர் நாகரிகம் கருதிப் பேசாதிருப்பர். சிலர், "பிள்ளைகளுடையதா?" என்பர். நம்முடன் பணியாற்றிய மூத்த பேராசிரியர் ஒருவர் மட்டும் நேரடியாகவே கேட்டார்: "டிவியில வந்ததைத் திருப்பி எழுதிக் கொடுத்திருக்கான். இதுல இலக்கியம் எங்கே ஐயா இருக்கு?" அவ்வினாவுக்கு விடையிறுக்கும் கடப்பாடு நமக்குண்டு என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

முதலில் இந்நூல்கள் யாவை என்று சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் 1966 செப்டம்பர் 8 தொடங்கி 1969 ஜூன் 3 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடர் மொத்தம் 79 பகுதிகளைக் கொண்டது. கேப்டன் கிர்க், காதுமடல் கூர்த்த ஸ்போக், மருத்துவர் மக்காய் ஆகியோர் எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தில் உலகுதோறும் செல்வதே கதை. 1980களில் நம் தூர்தர்ஷனும் இதனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒளிபரப்பியது. ஆயினும் ஆம்பூரில் நம் வீட்டில் அப்போது தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. ஆதலால் நாம் இத்தொடரைக் கண்ணால் காணுமுன் எழுத்தாகவே அறிந்தோம். இளங்கலை படித்த 1997இல், வேலூரில் மருத்துவமனையை ஒட்டிய சந்தொன்றில் பழைய புத்தகக் கடையில் எட்டு ரூபாய்க்கு வாங்கியது முதல் நூல். பிறகு சென்னைக்கு ஏலகிரி விரைவு வண்டியில் போகும் போதெல்லாம் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளில் தேடினோம். இன்று நூறு நூலுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

ஒளிபரப்பானதை மீண்டும் எழுத்தாக ஏன் வாங்கினர் என்பது இன்றைய மாணவர்க்கு விளங்காது. 1967இல் ஒரு பகுதியைத் தவறவிட்டவர் மறு ஒளிபரப்புக்குக் காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. வீட்டில் பதிவுசெய்து பார்க்கும் கருவி மக்கள் கைக்கு வரவில்லை. கண்ட காட்சியைக் கையில் வைத்துக்கொள்ள அன்று இருந்த ஒரே வடிவம் புத்தகமே. நமக்கும் இது புதிதன்று. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைவுகூர்க. பாட்டுகளுக்கு முன்னே கதைச்சுருக்கம் இருக்கும். சிக்கல் முற்றும் இடத்தில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். 1952இல் வந்த 'பராசக்தி'யின் வசனம் புத்தகமாகவே விற்றது. அதைப் படித்து மனப்பாடம் செய்தவர் பலர். மறுதலையாக, நாவல் திரைக்குப் போகும் வழியும் நம்மிடம் உண்டு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்து, பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று. ஆனால் திரையில் வந்த கதையை ஓர் எழுத்தாளர் உட்கார்ந்து உரைநடைப் புனைவாக மாற்றி எழுதும் வழக்கம் தமிழில் வேர்விடவில்லை. அதனாலேயே நம் பேராசிரியர்க்கு அது எழுத்தாகவே படவில்லை.

அவருக்குப் பவணந்தியாரைக் கொண்டே விடை சொல்லலாம். நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுக்கிறது. முன்னோர் நூலின் முடிபோடு முழுதும் ஒத்து, பின்வந்தவன் தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். ஒரு பகுதி மட்டும் ஒத்து, மற்றவை வேறாக நடப்பது சார்புநூல். தொல்காப்பியர் இன்னும் நுணுகி, வழிநூல் ஆகும் வகையைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காகச் சொல்கிறார். வழிநூல் என்பது நம் மரபில் இழிசொல் அன்று. கம்பனை வழிநூல் செய்தவன் என்று சொல்லிவிட்டுத்தான் அவனைக் கவிச்சக்கரவர்த்தி என்கிறோம். இவ்வளவுகோலோடு கீழ்த்தட்டை அணுகினால் வரிசை தானே தெளிகிறது.

தொகுத்தலுக்கு ஜேம்ஸ் பிளிஷ். 1967 ஜனவரியில் பேண்டம் நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுப்பில் ஏழு கதைகள் உள்ளன. ஒரு மணிநேர நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் ஒரு சிறுகதையளவில் அடக்கியிருக்கிறார். பிளிஷ் கூலிக்கு எழுதத் தொடங்கிய புதியவர் அல்லர். 'எ கேஸ் ஆஃப் கான்ஷன்ஸ்' நாவலுக்காக 1959இல் ஹ்யூகோ விருது பெற்றவர். அவருக்குக் கிடைத்தவை படப்பிடிப்புக்கு முந்தைய திரைக்கதைப் படிகள். ஆதலால் திரையில் வராத உரையாடலும், வேறு தலைப்பும், சிறிது மாறிய முடிவும் அவர் நூல்களில் காணப்படும். சுவடி ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கப் பழகிய நமக்கு இது பெருவிருந்து. பதிப்பாசிரியர் கண்ணோடு பார்த்தால், இத்தொகுப்புகள் தொலைந்துபோன ஓலைகளின் சான்று. 1975 ஜூலையில் பிளிஷ் மறைந்தார். முற்றுப்பெறாதிருந்த பன்னிரண்டாம் தொகுதியை அவர் மனைவி ஜே. ஏ. லாரன்ஸ் முடித்து 1977இல் வெளிக்கொணர்ந்தார்.

விரித்தலுக்கு ஆலன் டீன் ஃபாஸ்டர். 1973-74இல் இதே தொடர் அரைமணிநேரக் கேலிச்சித்திர வடிவில் 22 பகுதிகளாக வந்தது. அவற்றை 'ஸ்டார் ட்ரெக் லாக்' என்று பத்து நூல்களாக்கினார். முதல் ஆறு நூல்களில் மும்மூன்று பகுதிகள். கடைசி நான்கில் நூலுக்கு ஒரே பகுதி; எஞ்சிய பக்கங்களைத் தாமே படைத்து நிரப்பினார். பிளிஷ் சுருக்கியதையும் ஃபாஸ்டர் விரித்ததையும் அடுத்தடுத்துப் படிப்பவர் வகுப்பறையில் ஓராண்டு கற்கும் கதைக்கூறு இலக்கணத்தை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

சார்புநூல்கள் பிற்காலத்தன. பிளிஷ் 1970இல் எழுதிய 'ஸ்போக் மஸ்ட் டை' திரையில் வராத தனிக்கதை. பின்னர் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 1979 முதல் எண்ணிட்டு வெளியிட்ட வரிசை 97 வரை சென்றது. இவற்றுக்கு உரிமையாளர் வகுத்த விதி கடுமையானது: திரையில் வந்ததே மெய், நூலில் வந்தது கணக்கில் இல்லை. ஆயினும் விதி ஓரிடத்தில் நெகிழ்ந்தது. கலத்தை ஓட்டும் சூலுவுக்குத் தொடரில் முதற்பெயரே கிடையாது. 1981இல் வோண்டா மெக்கின்டயர் தம் 'தி என்ட்ரபி எஃபெக்ட்' நாவலில் 'ஹிகாரு' என்று பெயர் சூட்டினார். பத்தாண்டு கழித்து, 1991இல் வந்த ஆறாம் திரைப்படத்தில் சூலுவே அப்பெயரைச் சொன்னார். வழிநூலின் சொல் முதல்நூலுக்குள் புகுந்தது.

இவ்வெழுத்தாளர்களின் நிலையை நாம் உணர்ந்தது இலக்கணத்தால் மட்டுமன்று, ஆம்பூரில் பிறந்ததாலும்தான். எம் ஊர்ப்பக்கம் 'ஜாப் ஒர்க்' என்றொரு சொல் உண்டு. தோல் ஒருவருடையது, பதனிடுபவர் வேறொருவர். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றோரம் முழுவதும் இம்முறையில் இயங்கும் டேனரிகள் பல. முன்பு ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட அரைத்தோல் கப்பலேறியது. 1970களில் அரைத்தோல் ஏற்றுமதிக்கு நடுவணரசு கட்டுப்பாடு விதித்த பின், முழுதும் முடித்த தோலும் ஷூவின் அப்பரும் ஷூவுமாகத் தொழில் மாறிற்று. இன்று ஆம்பூரில் தைக்கப்படும் ஷூவின் மேல் ஐரோப்பியப் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் எங்கும் இராது. 'ஸ்டார் ட்ரெக்' என்னும் பெருத்த எழுத்துக்கு அடியில் எழுத்தாளர் பெயர் சிறுத்துக் கிடப்பதைக் காணும்போது நமக்கு இது நினைவுக்கு வராமல் இராது. ஃபாஸ்டரின் நிலை இன்னும் ஒருபடி கீழ். 1976இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' நாவலை எழுதியவர் அவரே. அட்டையில் இருந்ததோ ஜார்ஜ் லூகாஸின் பெயர்.

நம் அக்கா 1993இல், பத்தொன்பது வயதில், ஷூ கம்பெனியொன்றில் அப்பர் தையல் பிரிவில் சேர்ந்தார். நாம் முதுகலை வரை படித்தது அத்தையல் கூலியில். காலையில் கம்பெனி வேனில் ஏறி, இருட்டிய பின் வருவார். ஒரு ஜோடி ஷூவின் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் என்பதை ஒருநாள் பெட்டியின் விலைச்சீட்டைக் கணக்கிட்டுத் தெரிந்துகொண்டார். வருந்தினாரா என்று தெரியவில்லை. "தையலைப் பாத்தா நம்ம லைன்ல யாரு தைச்சதுன்னு நான் சொல்லிடுவேன்" என்றார்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மின்சாரம் போன இரவுகளில் பிளிஷின் கதைகளை நாம் தமிழில் சொல்வோம். தொல்காப்பியர் சொன்ன நான்காம் வகையும் அவ்வாறு எம் வீட்டுத் திண்ணையில் நிறைவேறியது. ஹார்லன் எலிசனின் திரைக்கதையிலிருந்து பிளிஷ் எழுதிய கதையொன்று உண்டு. கிர்க் 1930ஆம் ஆண்டு நியூயார்க்குக்குப் போகிறான். ஏழைகளுக்குச் சோறிடும் ஈடித் கீலர் என்பவளை விரும்புகிறான். அவள் உயிரோடிருந்தால் உலகப்போரின் முடிவே மாறிவிடும் என்று தெரியவருகிறது. சாலை விபத்தில் அவள் சாவதைத் தடுக்காமல் நிற்கிறான். கதை முடிந்ததும் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன்டா தம்பி, தான் எதுக்காகச் சாகிறோம்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றோம். "அப்போ அது அவ கதை இல்ல. அவனோட கதை" என்றார். எலிசனைப் பற்றியும் பிளிஷைப் பற்றியும் பின்னாளில் எவ்வளவோ படித்தோம். இவ்வளவு நேரான திறனாய்வை வேறெங்கும் கண்டதில்லை.

அக்கதை அடங்கிய இரண்டாம் தொகுதி நம்மிடம் மேலட்டையில்லாமல்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கடைகளில் விற்காத மலிவுப் பதிப்பின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறுவர். உள்நூல் கூழாக வேண்டும். கூழாகாமல் தப்பிய படிகளில் ஒன்று எவ்வழியோ கடல்கடந்து வேலூர் வந்திருக்கிறது போலும். அக்கா எடைக்கு விற்கும் கட்பீஸ் தோலில் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டொன்றை வாங்கி, ஓரம் சீவி, மடித்து, இரட்டைத் தையலிட்டு அட்டை செய்து கொடுத்தார். "எந்தக் கம்பெனி பேரு போடணும்?" என்று சிரித்தார். பெயர் எதுவும் போடவில்லை. மற்ற நூல்களின் முதுகுப்பசை உதிர்ந்து தாள்கள் கழன்றுவிட்டன. அது மட்டும் இன்றும் கட்டுக்குலையாமல் இருக்கிறது.

2021இல் அக்கா வேலையை விட்டுவிட்டார். கண் தெளிவில்லை, வலக்கை விரல்கள் முழுதும் மடங்குவதில்லை. கம்பெனி கொடுத்த கணக்கில் இருபத்தெட்டு ஆண்டுத் தையல் ஒரு தாளில் முடிந்தது. இப்போதும் ஞாயிறு பிற்பகல்களில் கதை கேட்கிறார். மெக்கின்டயரின் நாவலைப் பகுதி பகுதியாகச் சொல்லி வருகிறோம். "இதை எழுதினது பொம்பளையா?" என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டார், இப்போது சூலுவைவிட எழுதியவரைப் பற்றியே மிகுதியாக வினவுகிறார்.

இவ்வகை நூல்களைப் படிக்கத் தொடங்க விரும்பும் அன்பர்கள் பிளிஷின் முதல் மூன்று தொகுதிகளில் தொடங்கலாம். அடுத்து ஃபாஸ்டரின் ஏழாம் லாகையும், பின்னர் ஜான் எம். ஃபோர்டின் 'தி ஃபைனல் ரிஃப்ளெக்ஷன்' நாவலையும் படிக்கலாம். 1984இல் வந்த இந்நாவல் தொடரில் பகைவராகவே வந்த கிளிங்கான் இனத்தாரின் பக்கம் நின்று கதை சொல்கிறது. பின்வந்த திரைவடிவங்கள் வேறுவழியில் சென்றமையால், ஃபோர்டு படைத்த உலகம் அந்நூலிலேயே தங்கிவிட்டது. படிக்கும்போது அட்டையில் உள்ள பெருத்த எழுத்தை விட்டு, அடியில் உள்ள சிறிய பெயரை முதலில் வாசியுங்கள்.