குருதி சொல்லும் குறி

நோய் வந்துவிட்டது என்ற செய்தியைத் தாங்கிக்கொண்ட உள்ளமும், அது மீண்டும் வரக்கூடும் என்ற செய்தியைக் கேட்டுத் தளர்ந்துவிடுவதைப் பலர் வாழ்வில் காண்கிறோம். கல்லீரல் புற்றுநோயைப் பொறுத்தமட்டில் 'மீண்டும்' என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு எவரும் பேச இயலாது. அறுவை மருத்துவத்தால் கட்டியை அகற்றிய பின்னரும், 5 ஆண்டுகளுக்குள் 100 பேரில் ஏறத்தாழ 70 பேர் வரை அந்நோய் திரும்பி வரக் காண்கிறார்கள் என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. திரும்புமா, திரும்பாதா என்பதைக் குருதியின் சில துளிகளைக் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா? மருத்துவ ஏடுகளில் அறிஞர்கள் எழுப்பும் இக்கேள்வி, கிள்ளானில் எங்கள் குடும்பத்துக் கூடத்திலும் ஒரு நாள் எழுந்தது.

என் சிற்றப்பா காப்பார் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய படிப்பை ஆங்கிலப் பள்ளியில் முடித்து, கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணியாக 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். தம் தந்தையாரைச் சம்சு என்னும் மலிவு மது அழித்ததைச் சிறு வயதிலேயே கண்ணாரக் கண்டதனால், ஒரு சொட்டு மதுவையும் நாவில் படவிடாதவர். அத்தகையவரின் கல்லீரலில் 4 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பது 2022ஆம் ஆண்டில் தெரியவந்தது. ஹெப்படைட்டிஸ் பி என்னும் நச்சுயிரி அவர் குருதியில் நெடுங்காலமாகக் குடியிருந்து வந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கட்டியிருந்த பகுதியை மருத்துவர்கள் அறுத்து அகற்றினார்கள்.

நம்மவர்களிடையே ஈரல் நோய் என்றால் குடி என்றே பொருள். கள்ளும் சம்சுவும் தோட்டப்புறங்களில் விளைத்த கேட்டை நேரில் கண்ட சமுதாயம் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. ஆயினும் அந்த எண்ணம் குடியாதவன் தலையிலும் பழியைச் சுமத்திவிடுகிறது. சின்னம்மா அஞ்சியது அதற்குத்தான். மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். "வயித்துல சின்ன ஆப்பரேஷன்னு மட்டும் எல்லார்கிட்டேயும் சொல்லிடு, தம்பி" என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். மூத்த மகனும் அதையே விரும்பினான். சிற்றப்பா ஒன்றும் கூறவில்லை. வீடு திரும்பிய மூன்றாம் நாள், பழைய கணக்குப் புத்தகமொன்றை எடுத்து, நாள், அளவு, குறிப்பு என்று மூன்று பத்திகள் வரைந்து முதல் வரியை எழுதினார்.

அவர் எழுதிய அளவு, ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் என்ற ஒரு பொருளின் அளவு. தாயின் வயிற்றில் வளரும் சிசுவின் ஈரல் இதனை மிகுதியாகச் சுரக்கிறது. குழந்தை பிறந்தபின் அது படிப்படியாகக் குறைந்து, ஓராண்டு நிறைவதற்குள் மிகச் சிற்றளவாகிவிடும். நலமாக இருக்கும் வளர்ந்தவர்களின் குருதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். 1963ஆம் ஆண்டில் சோவியத் அறிவியலாளர் கர்ரி அபெலெவும் அவருடைய குழுவினரும், ஈரலில் கட்டி கொண்ட எலிகளின் குருதியில் இப்புரதத்தைக் கண்டார்கள். மறு ஆண்டே யூரி தாத்தாரினோவ் அதனை ஈரல் புற்றுற்ற மனிதரின் குருதியிலும் கண்டுரைத்தார். புற்றாகிவிட்ட ஈரல் உயிரணுக்கள், தாம் எப்போதோ மறந்துவிட்ட கருப்பருவத் தொழிலை மீண்டும் தொடங்கிவிடுகின்றன. அந்தத் தொழிலின் தடயம் குருதியில் மிதந்து வருகிறது. இத்தகைய தடயங்களையே மருத்துவர்கள் குறிப்பொருள்கள் என்கிறார்கள்.

சிற்றப்பாவின் புத்தகத்தில் முதல் வரி 640. அது அறுவைக்கு முந்திய அளவு. கட்டி முற்றாக அகன்றுவிட்டால், இப்புரதம் ஏறத்தாழ 5 முதல் 7 நாள்களுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். ஆகவே அளவு குறைகிறதா என்பதைவிட, குறையவேண்டிய வேகத்தில் குறைகிறதா என்பதே பெரிய செய்தி. பாதி வழியில் நின்றுவிட்டால், கண்ணுக்குப் புலப்படாத மிச்சம் எங்கோ இருக்கிறதென்று ஐயம் கொள்ள வேண்டும். அவருக்கு இரண்டு மாதங்களில் அது 6ஆக இறங்கியது. வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள்.

அப்படியானால் அத்துடன் தீர்ந்ததா? தீரவில்லை. தோட்டத்தில் லாலாங் புல்லை அழித்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மேலே வெட்டிவிட்டாலும் மண்ணுக்குள் வேர்த்துண்டு தங்கியிருந்தால் சில வாரங்களில் அது முளைத்துவிடும். வேரையும் தோண்டி எடுத்துவிட்டாலோ, அதே மண்ணில் காற்று கொண்டுவந்து போடும் புதிய விதை பின்னொரு நாள் முளைக்கும். ஈரல் புற்றும் இவ்விரு வழிகளில் திரும்புகிறது. அறுவைக்கு முன்பே நுண்ணிய குருதிக்குழாய்களின் வழியே சிதறிவிட்ட அணுக்கள் பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள் தலைகாட்டுகின்றன. அதன்பின் வருவது பெரும்பாலும் புதிய கட்டி. வெட்டிய ஈரல் வளர்ந்து தன் பருமனைப் பெற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையதுதான். ஆனால் வளர்வது அதே நோயுற்ற ஈரல். நச்சுயிரியும் தழும்பும் அங்கேயே இருக்கின்றன.

முதல் வகையை முன்னுணர்த்துவன, அறுவைக்கு முன் இப்புரதம் எவ்வளவு உயர்ந்திருந்தது, கட்டியின் பருமன் என்ன, நுண்குழாய்களுக்குள் அது நுழைந்திருந்ததா என்பன போன்ற செய்திகள். இரண்டாம் வகைக்கு, குருதியில் நச்சுயிரி எவ்வளவு பெருகியிருக்கிறது என்ற அளவும், ஈரல் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதும் வழிகாட்டுகின்றன. பிவ்கா என்றழைக்கப்படும் மற்றொரு புரதத்தையும் பல நாடுகளில் சேர்த்துப் பார்க்கிறார்கள். கட்டியிலிருந்து குருதியில் உதிரும் மரபணுத் துணுக்குகளை எண்ணிப் பார்க்கும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

இவற்றுள் எதுவும் தனித்து நின்று உண்மை சொல்வதில்லை. ஈரல் புற்றுற்றோரில் 10க்கு 3, 4 பேருக்கு ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் உயர்வதே இல்லை. அவர்களுக்கு நல்ல எண் வந்தது என்பதனால் நோயில்லை என்றாகிவிடாது. மாறாக, நச்சுயிரி சீறி எழும்போதும், பெண் கருவுற்றிருக்கும்போதும் புற்றில்லாமலே அந்த எண் உயரும். குருதி உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்போருக்குப் பிவ்கா பொய்யாக உயரும். ஆகவேதான் குருதிச் சோதனையுடன் ஊடுகதிர் அடுக்குப் படமோ காந்தப் படமோ சேர்த்தே எடுக்கிறார்கள்.

மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய நாளுக்கு முந்திய இரவு, சிற்றப்பா கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்கு வந்து தங்குவார். மாலையில் துன் சம்பந்தன் சாலையின் ஐந்தடிப் பாதையில் நடப்போம். அங்கே கிளி சோதிடரிடமும் கைரேகை பார்ப்பவரிடமும் கையை நீட்டிக் காத்திருப்போரைப் பார்த்து அவர் ஒருமுறை சிரித்தார். "நாளைக்கு நானும் கையத்தான் நீட்டப் போறேன்" என்றார். எனக்கும் அந்த ஐயம் எழுந்ததுண்டு. எண்ணைக் கொண்டு எதிர்காலம் உரைப்பது சோதிடத்தின் வேறொரு வடிவந்தானோ? மறுநாள் அவர் மருத்துவரை நேராகவே கேட்டார், "திரும்ப வருமா, டாக்டர்?" என்று. உங்களைப் போன்ற 100 பேரில் பலருக்கு வரும், உங்களுக்கு வருமா என்பதை எவரும் சொல்ல முடியாது, 3 மாதத்திற்கு ஒருமுறை வாருங்கள் என்று விடை வந்தது.

எனக்கு அந்த விடை மனநிறைவு தரவில்லை. துறைமுகத்தில் வாழ்ந்த சிற்றப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "கப்பல் எந்த நேரத்துக்கு வரும்னு எங்களுக்கும் உறுதியாத் தெரியாது, தம்பி. வந்தா எங்க கட்டறது, யார் இறக்கறதுன்னு முன்னாடியே எழுதி வெச்சிருப்போம்" என்றார். சோதிடன் நாளைக் குறித்துக் கொடுத்துவிட்டு நம்மைச் சும்மா இருக்கச் சொல்கிறான். குருதிச் சோதனை நாளைக் குறிப்பதில்லை. நாம் செய்யவேண்டியதைக் குறிக்கிறது.

இடையில் கீழாநெல்லியைப் பற்றிப் பேசாத உறவினர் இல்லை. மஞ்சள் காமாலைக்கு நம் முன்னோர் கண்ட அந்த மூலிகை அறிவியலின் கவனத்தையும் ஈர்த்ததுண்டு. ஹெப்படைட்டிஸ் பி நச்சுயிரியைக் கண்டறிந்தமைக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ்.பி. தியாகராஜனும் பிறரும் இணைந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கீழாநெல்லி உண்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் குருதியிலிருந்து நச்சுயிரியின் அடையாளம் மறைந்ததாகக் கண்டார்கள். பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. சிற்றப்பா மூலிகையைப் பழிக்கவுமில்லை, அதனை நம்பி மாத்திரையை நிறுத்தவுமில்லை. நச்சுயிரியை அடக்கும் மாத்திரையைத் தவறாது உண்பது நோய் திரும்பும் வாய்ப்பையும் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் தெளிந்த செய்தி.

அந்த நச்சுயிரியே எங்கள் வீட்டு மௌனத்தை உடைத்தது. கட்டி சிற்றப்பாவுக்கு மட்டும் உரியது. நச்சுயிரியோ பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும், குருதியாலும் உறவாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கும் செல்லக்கூடியது. நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடும் திட்டம் 1989ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. சிற்றப்பாவின் மூத்த மகன் 1984இல் பிறந்தவன். 'வயிற்றில் சின்ன ஆப்பரேஷன்' என்று சொல்லிக்கொண்டே அவனையும், என் தந்தையையும், அத்தைமாரையும் குருதி கொடுக்க எப்படி அழைப்பது? 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர் அனைவரையும் வரவழைத்துச் சிற்றப்பா தம் நோயின் பெயரைத் தாமே சொன்னார். குடியினால் வந்ததன்று என்பதையும் சொன்னார். மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த வரனின் வீட்டாருக்கும் செய்தி போயிற்று. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. காரணம் இதுதான் என்று அவர்கள் கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சின்னம்மா பல நாள் சிற்றப்பாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

சோதனை முடிவுகள் வந்தன. 1991இல் பிறந்த மகளுக்குக் குறையொன்றுமில்லை. எனக்கும் இல்லை. மூத்தவன் குருதியில் நச்சுயிரி இருந்தது. அவன் உடம்பில் ஒரு தொல்லையும் அதுவரை தெரிந்ததில்லை. இன்று அவன் 6 மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குச் செல்கிறான். தந்தைக்குப் பிந்தித் தெரிந்தது மகனுக்கு முந்தித் தெரிந்துவிட்டது. சின்னம்மாவின் மௌனம் அந்த வாரத்தில் முடிவுற்றது.

அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பின், சிற்றப்பாவின் புத்தகத்தில் எண்கள் அசையத் தொடங்கின. 5, 6, 9, 19. ஒன்பது என்பது தாளில் அச்சிட்டிருந்த இயல்பான எல்லைக்கு உட்பட்டதுதான். எனினும் வரிசையாகப் பார்க்கும்போது அது ஏறுமுகம். மருத்துவரும் அதனைக் குறித்துவைத்திருந்தார். நச்சுயிரி சீறவில்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, காந்தப் படம் எடுத்தார்கள். ஈரலின் மறு பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் ஒரு புள்ளி தெரிந்தது. அந்த அளவில் கண்டதனால் வயிற்றை மீண்டும் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஊசியைச் செலுத்தி வெப்பத்தால் அதனைக் கருக்கினார்கள். எண் மீண்டும் 6க்கு இறங்கியது. சிற்றப்பா குறிப்புப் பத்தியில் எழுதியது, 'கப்பல் வந்து போயிற்று' என்பதே.

இனி வராது என்று நான் எழுதமாட்டேன். திரும்பும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு அறுவைக்குப் பின் இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரியதோர் ஆய்வின் முதல் முடிவுகள் 2023இல் நம்பிக்கை அளித்தன. மறு ஆண்டு வெளியான தொடர் முடிவுகளில் அந்தப் பயன் நிலைக்கவில்லை. முன்னறியும் கலை ஓரளவு வளர்ந்திருக்கும் அளவுக்குத் தடுக்கும் கலை வளரவில்லை. எனவே இன்று நம் கையில் இருப்பது, விழிப்புடன் காத்திருத்தல் ஒன்றே.

ஆனால் முதற்கட்டியையே தடுப்பது நம்மால் இயலும். 1984இல் தைவான் நாடு பிள்ளைகளுக்குத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபின், அங்கே சிறுவரிடையே ஈரல் புற்று குறைந்ததை உலகம் கண்டது. நச்சுயிரி இல்லாதவர்களையும் இன்று நீரிழிவும் கொழுப்பேறிய ஈரலும் இந்நோயின் பக்கம் தள்ளுகின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. குடிப்பவனுக்கு மட்டுமே ஈரல் கெடும் என்ற பழைய எண்ணத்தை வைத்துக்கொண்டு நாம் எவரையும் காக்க முடியாது.

1989க்கு முன் பிறந்தவர் ஒவ்வொருவரும் ஹெப்படைட்டிஸ் பி சோதனையை ஒருமுறையேனும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், அதை மற்றவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்வதற்கு ஒரு விலை உண்டு. எங்கள் சின்னம்மா அதைக் கொடுத்தார். சொல்லாமல் விட்டிருந்தால் கொடுக்க நேர்ந்திருக்கும் விலை என்னவென்று, மூத்தவன் சோதனைக்குப் புறப்படும் காலைகளில் அவருக்குத் தெரியும். அவனுக்குப் பசியாறக் கட்டிக்கொடுத்து அனுப்புவது அவர்தான்.