கொப்பூழின் தழும்பு

வயிற்றில் தளர்ந்து தொங்கும் தோலையும் அதனடியில் தேங்கிய கொழுப்பையும் அகற்றி, விலகிப்போன தசைகளை ஒன்றுசேர்த்துத் தைக்கும் அறுவைச் சிகிச்சை, பட்டணங்களில் இப்போது ‘டம்மி டக்’ என்ற பெயரால் வழங்கும் அந்தச் சிகிச்சை, மனித சரீரத்தில் இரண்டு தழும்புகளை நிரந்தரமாக விட்டுச் செல்கிறது. ஒன்று, அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பின் முனையிலிருந்து மற்றோர் இடுப்பெலும்பின் முனைவரை ஓடும் நீண்ட தழும்பு. மற்றொன்று, கொப்பூழைச் சுற்றி அமையும் சிறிய தழும்பு. நீளத்தைக் கண்டு அஞ்சுவது மனித சுபாவமாதலால், சிகிச்சை நாடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் தழும்பைப் பற்றியே விசாரிக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி விசாரித்தவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலரே. ஆயினும், இத்தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டபின் எனக்கு ஏற்பட்டிருக்கும் உறுதியான அபிப்பிராயம் இது: இந்த அறுவையைச் செய்தவன் கற்றவனா, சிரத்தையுள்ளவனா, நோயாளியிடம் உண்மை பேசியவனா என்பதை அறிய அந்தச் சிறிய தழும்பைப் பார்த்தாலே போதும்.

நான் பிறந்தது குரும்பலூர். பெரம்பலூரிலிருந்து துறையூர் நோக்கிச் செல்லும் சாலையில் உள்ள ஊர். சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்தச் சிகிச்சையைப் பற்றி விசாரித்தால், ‘இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?’ என்று கேட்கும் உறவினர் பலர். அக்கேள்வியில் உள்ள அநியாயத்தை எடுத்துச் சொல்வது என் கடமை. இரண்டு மூன்று பிரசவங்களுக்குப் பிறகு, வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடும் தசைப்பட்டைகள் விலகி, கொப்பூழில் குடலிறக்கம் கண்டு, தொங்கும் மடிப்பின் கீழே வியர்வை தங்கிப் புண்ணும் படையும் மாறி மாறி வந்து, களையெடுக்கக் குனிந்தால் இடுப்பு கடுக்க வாழும் ஒரு பெண்ணின் துன்பத்தை அலங்கார ஆசை என்று தள்ளிவிடுவது தர்மமாகாது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 வயிற்றை அறுத்தே நடந்தன. ஆகவே இப்பெண்களில் பலர் ஏற்கெனவே ஓர் அறுவையின் தழும்போடுதான் என்னிடம் வருகிறார்கள். பிரசவத்துக்குப் பின் வயிற்றைத் துணியால் இறுகக் கட்டும் நம் வீட்டு வழக்கம் அந்த வேளைக்கு ஆதரவாக இருக்கலாம். நெடுநாள் விலகி நின்ற தசைகளை அது சேர்த்துவிடுவதில்லை. வேலூரில் 1940களின் பிற்பகுதியில் தொழுநோயால் மடங்கிய கைகளை டாக்டர் பால் பிராண்ட் அறுவையால் நிமிர்த்தத் தொடங்கிய காலத்திலிருந்தே, நம் நாட்டில் சீரமைப்பு அறுவை என்பது மனிதனுக்கு அவனுடைய வேலையையும் மானத்தையும் திருப்பித் தரும் வித்தையாகவே வளர்ந்திருக்கிறது.

கொப்பூழுக்குரிய மதிப்பு இந்த அறுவையின் சரித்திரத்தில் மெல்ல மெல்லத்தான் உணரப்பட்டது. 1899இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹோவர்ட் கெல்லி, தொங்கும் வயிற்றைக் குறுக்கே அறுத்து அகற்றும் முறையை வெளியிட்டபோது, அகற்றப்பட்ட தோலோடு கொப்பூழும் போயிற்று. 1957இல் வெர்னான் என்பவர், கொப்பூழை அதன் காம்போடு வயிற்றுச் சுவரிலேயே நிறுத்தி, கீழே இழுக்கப்பட்ட தோலில் புதுத் துவாரம் செய்து அதன் வழியாக வெளிக்கொணரும் முறையை விவரித்தார். 1967இல் பிரேசில் நாட்டு இவோ பிடாங்கி, 300 நோயாளிகளிடம் கண்டவற்றைத் தொகுத்து எழுதிய கட்டுரையால் இச்சிகிச்சை உலகெங்கும் பரவியது. உலகின் செல்வந்தர் பலர் தேடி வந்த அந்த மருத்துவர், ரியோ டி ஜெனிரோவின் தர்ம மருத்துவமனை ஒன்றில் ஏழைகளுக்கென்று ஒரு பிரிவையும் நடத்தி வந்தார் என்பதை நான் என் மாணவர்களுக்கு எப்போதும் நினைவூட்டுவேன்.

அறுவை முடிந்தபின் வயிற்றில் காணப்படும் கொப்பூழ் பழையதுதான். அதைச் சூழ்ந்த தோல் மட்டும் மேலிருந்து இறங்கி வந்த புதிய தோல். இந்த இரண்டும் சந்திக்கும் விளிம்பிலேதான் எல்லாச் சிக்கல்களும் பிறக்கின்றன. அவற்றுள் முதலாவது இரத்த ஓட்டத்தைப் பற்றியது. தோலுக்கடியில் பரவியுள்ள நுண்குழாய் வலையிலிருந்தும், இருபுறத் தசைப்பட்டைகளைத் துளைத்துவரும் குழாய்களிலிருந்தும், கருவில் நஞ்சுக்கொடியிலிருந்து இரத்தத்தைக் கொணர்ந்த நாளத்தின் எச்சமாகக் கல்லீரலிலிருந்து வரும் நாணிலிருந்தும், சிறுநீர்ப்பையிலிருந்து ஏறிவரும் மற்றொரு நாணிலிருந்தும் கொப்பூழ் போஷாக்குப் பெறுகிறது. சுற்றித் தோலை அறுத்தவுடன் முதல் வழி அடைபடுகிறது. காம்பை மிக மெலிதாகச் செதுக்கினாலோ, விலகிய தசைகளைச் சேர்க்கும் தையல் காம்பின் அடியை நெரித்தாலோ மற்ற வழிகளும் குறைகின்றன. ஆகையால் முந்தைய அறுவைகளைப் பற்றி நான் மிகவும் வற்புறுத்திக் கேட்பேன். நம் ஊர்ப் பெண்களில் பலருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கொப்பூழை ஒட்டிய சிறு கீறல் வழியாகவே நடந்திருக்கும். ‘அது சின்ன ஆபரேஷன்தானே, டாக்டர்’ என்று அதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். கொப்பூழ்க் குடலிறக்கத்துக்கு ஏற்கெனவே சிகிச்சை நடந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்களும், புகைப்பவர்களும், புகையிலை போடுகிறவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அறுவைக்கு ஒரு மாதம் முன்பே புகையிலையை விடாதவருக்கு நாள் குறிக்காமல் இருப்பதே அவருக்குச் செய்யும் உபகாரம்.

இரண்டாவது சிக்கல் வட்டத்தின் இயல்பிலிருந்து வருவது. ஆறும் காயம் எதுவும் சுருங்கும். நேர்கோட்டுத் தழும்பு நீளவாட்டில் சற்றுக் குறுகுவதோடு நின்றுவிடும். ஆனால் முழு வட்டமாக அமைந்த தழும்போ நாலாபுறமும் உள்நோக்கியே இழுக்குமாதலால், நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயைப்போல நாளடைவில் குவிந்து, ஊசித் துவாரமாகிவிடும். அப்படிக் குவிந்த கொப்பூழில் அழுக்கும் ஈரமும் தங்கி, துர்நாற்றமும் சீழும் உண்டாகும். பார்வைக் குறைவு என்ற அளவில் அது நிற்பதில்லை. இதைத் தடுக்கும் உபாயம் தையலுக்கு முன்பே, துவாரத்தின் வடிவத்தில் இருக்கிறது. வட்டமாக வெட்டாமல், தலைகீழான வில்லைப்போன்றோ முக்கோணமாகவோ வெட்டி, ஒரு சிறு தோல் நாக்கைக் கொப்பூழின் விளிம்புக்குள் செலுத்தித் தைத்தால், தழும்புக் கோடு வளைந்தும் மடிந்தும் செல்வதால் அதன் இழுவிசை சிதறிவிடுகிறது. துவாரத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைச் சிறிது குறைத்து, தோலின் அடிப்பகுதியைத் தசையின் உறையோடு தைத்துவிட்டால், இழுப்பின் பாரம் தோலின் விளிம்பில் விழாது. தழும்பும் குழிக்குள் இறங்கிக் கண்ணுக்கு மறையும்.

வடிவத்தைப் போலவே ஸ்தானமும் முக்கியம். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துச் சிற்பங்களின் முன் நிற்கும்போதெல்லாம், கல்லில் ஒரு சிறு குழியை இட்டு, அதைச் சூழ்ந்த வயிற்றின் மென்மை முழுவதையும் உணர்த்திய அந்தச் சிற்பிகளின் கைத்திறனை நான் வணங்கியிருக்கிறேன். எங்கள் வேலையும் அதுபோன்ற ஒரு தீர்மானத்தையே கோருகிறது. சிறியதாய், மேலிருந்து கீழாகச் சற்று நீண்டு, மேல்விளிம்பில் ஒரு தோல் மடிப்பு நிழலிட அமைந்த கொப்பூழே இயற்கையாகத் தோன்றும். இடுப்பெலும்புகளின் உச்சியை இணைக்கும் கோட்டை ஒட்டி அதன் இடத்தைக் குறிக்கிறோம். எல்லார்க்கும் கொப்பூழ் மிகச் சரியாக நடுக்கோட்டில் இருப்பதில்லை என்ற உண்மையை முன்கூட்டியே நோயாளிக்குக் கண்ணாடியில் காட்டிவிடுவது நல்லது. அறுவைக்கு முன் தம் வயிற்றை இவ்வளவு கூர்ந்து பார்த்தறியாதவர்கள், பின்னர் பார்த்துவிட்டுப் பழைய கோணலைப் புதிய குறையென்று எண்ணி வருந்துவதுண்டு.

அறுவைக்குப் பின் வரும் முதல் சில நாட்கள் மருத்துவனின் கண்ணுக்குச் சோதனை. வெண்தோலருக்காக எழுதப்பட்ட நூல்கள் கொப்பூழ் வெளுத்தல், நீலித்தல் என்று வருணிக்கும் அடையாளங்கள் நம்மவரின் கரிய தோலில் எளிதில் தெரிவதில்லை. விரலால் அழுத்திவிட்டு இரத்தம் திரும்பும் வேகத்தைப் பார்க்க வேண்டும், ஐயமிருந்தால் ஊசி முனையால் தொட்டு வரும் துளி பளிச்சென்ற சிவப்பா என்று பார்க்க வேண்டும். கொப்பூழின் ஒரு பகுதி கருகிவிட்டால், பதறி மறுபடி கத்தியை எடுப்பது கூடாது. இறந்த திசுவை மட்டும் நீக்கி, ஒழுங்காகக் கட்டுப் போட்டு, புண் தானாக அடியிலிருந்து ஆற இடங்கொடுத்து, மாதங்கள் சென்று தழும்பு இளகியபின் புதிதாக அமைப்பதே நிதானமுள்ள வழி.

வீட்டுக்குச் சென்றபின் நேரும் துன்பங்கள் வேறு. பிறந்த குழந்தையின் தொப்புளுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மூதாட்டிகள், பெரியவளின் தொப்புளில் ஈரம் கண்டதும் மஞ்சளையும் விளக்கெண்ணெயையும் அன்போடு தடவிவிடுகிறார்கள். ஆறாத புண்ணில் அவை அழுக்கைச் சேர்க்குமேயன்றி ஆற்றுவதில்லை. சுத்தமான நீரும், உலர்ந்த துணியும், மருத்துவர் சொன்ன மருந்தும் போதும். சேலை கட்டும் பெண்களுக்கு மற்றொரு பகை உள்பாவாடை நாடா. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் உராயும் நாடா இடுப்பில் ஆறாப் புண்ணையும், அபூர்வமாகப் புற்றுநோயையும் உண்டாக்கியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியிருக்க, பச்சைத் தழும்பின்மேல் அது உராய்வதை எப்படி அனுமதிப்பது? புண் நன்றாக ஆறும்வரை நைட்டி அணியுங்கள் அம்மா என்று நான் சொல்வதன் காரணம் இதுவே. தரப்பட்ட இடுப்புப்பட்டையையும், இறுக்கினால் சீக்கிரம் ஆறும் என்று எண்ணி, சொன்ன அளவுக்கு மேல் இறுக்கக் கூடாது.

மூன்றாவது சிக்கல் தடித்த தழும்பு. நம்மவரின் தோலில் இதற்கு நாட்டம் அதிகம். காது குத்திய இடத்திலோ, அம்மைத் தழும்பிலோ, தடுப்பூசி போட்ட தோளிலோ கட்டிபோல் வளர்ந்த வடு இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா என்றும் கேட்க வேண்டும். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கும் தழும்பு காலப்போக்கில் தணியக்கூடும். எல்லையைத் தாண்டி நல்ல தோலின்மேல் பரவும் கெலாய்டோ தானாகத் தணிவதில்லை. அரிப்பும் எரிச்சலும் அதன் முதல் குரல். அப்போதே வந்தால், சிலிக்கோன் தகட்டை நாளில் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒட்டி வைப்பதாலும், டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சில வார இடைவெளியில் தழும்புக்குள் செலுத்துவதாலும் பெரும்பாலும் அடக்கலாம். கெலாய்டை வெட்டியெடுப்பதோடு நிறுத்திவிட்டால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்ப வரும், சில வேளை முன்னினும் பெரிதாக. ஆதலால் ‘வெட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்று எளிதாக வாக்களிப்பவரிடம் எச்சரிக்கை தேவை. துவாரம் குவியத் தொடங்குவது ஆரம்பத்திலேயே தெரிந்தால், சிலிக்கோனாலான சிறு அடைப்பையோ, நன்றாகச் சுத்திகரித்த கோலிக்குண்டையோ மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்து அதன் வாயைக் காக்க முடியும். முற்றிக் குவிந்தபின் மறு அறுவையே வழி.

தழும்பு முதிர்வதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். முதல் மூன்று மாதங்களில் அது சிவந்தோ கறுத்தோ தடித்தோ தோன்றுவது பலருக்கும் இயல்பு. அதைக் கண்டு கலங்கிய நோயாளியும், அவளைச் சமாதானப்படுத்த அவசரப்பட்ட மருத்துவனும் சேர்ந்து செய்யும் மறு அறுவையால் விளைந்த கேடுகளை வேறு இடங்களிலிருந்து என்னிடம் வந்தவர்களிடம் கண்டிருக்கிறேன். மருந்தைப் போலவே காலமும் இந்தச் சிகிச்சையின் ஓர் அங்கம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டால், நோயாளிக்குப் பொறுமை தானே வரும். சொல்லாமல் விட்டு, பிறகு பொறுமையை உபதேசிப்பது நியாயமல்ல.

ஆகவே இச்சிகிச்சையை நாடும் சகோதரிகளுக்கும், அவர்களோடு துணைக்கு வரும் கணவன்மாருக்கும் தாய்மாருக்கும் என் விண்ணப்பம் இதுதான். கையெழுத்திடுமுன், அறுவை செய்யப்போகிறவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரா, மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ‘என் கொப்பூழை எப்படி அமைப்பீர்கள்? கருகினால் என்ன செய்வீர்கள்? தழும்பு தடித்தால் எத்தனை காலம் என்னைப் பார்ப்பீர்கள்?’ என்றும் கூச்சமின்றிக் கேளுங்கள். அக்கேள்விகளால் எரிச்சலடைபவரிடம் உங்கள் வயிற்றை ஒப்படைக்க வேண்டாம். பழைய ஆபரேஷன்களையும், சர்க்கரையையும், புகையிலையையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டுவரை, நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும், குறித்த நாளில் வந்து காட்டுங்கள். அரிப்பு, ஈரம், நாற்றம், கருகல், குவிதல் ஆகிய ஐந்தில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த முறைக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள். கொப்பூழின் தழும்பைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் எளிதாகத் தீரக்கூடியது காலங்கடந்தபின் மற்றோர் அறுவையைக் கேட்கும்.